தினமும் ஒரு கிளாஸ் ரெட் ஒயின்: ஹார்ட்டுக்கு நல்லதுன்னு சொன்னாங்களே, இப்ப ஏன் மாத்திச் சொல்றாங்க?

"ரெட் ஒயின் ஹார்ட்டுக்கு நல்லது, டாக்டரே சொல்றாரு"ன்னு வருஷக்கணக்கா கேட்டுப் பழகினவங்களுக்கு இப்ப வர்ற செய்தியெல்லாம் குழப்பமாத்தான் இருக்கும். 2023 ஜனவரியில உலக சுகாதார நிறுவனம், ஆல்கஹாலுக்கு பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது, முதல் சொட்டுல இருந்தே ரிஸ்க் ஆரம்பிக்குதுன்னு சொல்லிடுச்சு. 2025 ஜனவரியில அமெரிக்காவோட சர்ஜன் ஜெனரலா, அதாவது அந்த நாட்டு ஜனங்க சுகாதாரத்துக்கான தலைமை டாக்டரா இருந்த விவேக் மூர்த்தி, மது பாட்டில்ல கேன்சர் எச்சரிக்கை போடணும்னு அறிக்கை விட்டாரு. அதுல ஒயினுக்கு தனி விலக்கு எதுவும் இல்ல.

பெரம்பூர், ராயபுரம் பக்கம் கிறிஸ்மஸ்க்கு வீட்டுலயே ஒயின் போடுற குடும்பங்க தலைமுறையா இருக்காங்க, அவங்களுக்கு அது பண்டிகைப் பலகாரத்தோட சேர்ந்தது. இன்னொரு பக்கம் வியாசர்பாடி, தண்டையார்பேட்டையில "குவாட்டரை விட்டுட்டேன்பா, இப்ப ஒயின் மட்டும்தான், அது சரக்கே இல்ல"ன்னு நிம்மதியா சொல்றவங்க இருக்காங்க. பொண்ணுங்ககிட்ட "தினமும் கொஞ்சம் குடி, ரத்தம் ஊறும், ஸ்கின் பளபளன்னு ஆகும்"னு சொல்ற அறிவுரையும் சுத்துது. இந்த மூணையுமே ஒரே கேள்வியில வச்சுப் பாக்கலாம்: தினமும் ஒயின் குடிச்சா உடம்புல உண்மையிலேயே என்ன நடக்குது?

முதல்ல அளவு: ஒரு கிளாஸ்னா எவ்ளோ?

இந்த விஷயத்துல பாதி குழப்பம் கிளாஸ்ல இருந்துதான் வருது. ஆராய்ச்சியில "ஒரு கிளாஸ் ஒயின்"னு சொல்றது சுமாரா 150 மில்லி. நம்ம வீட்டுல ஒயின் கிளாஸ் யாருகிட்ட இருக்கு, சில்வர் டம்ளர்லயோ காபி மக்லயோதான் ஊத்துவாங்க, அது நிறைய ஊத்தினா 200ல இருந்து 250 மில்லி வரைக்கும் பிடிக்கும். அப்போ "ஒரு கிளாஸ்தான்"னு சொல்ற ஆளு உண்மையில ஒன்றரை கிளாஸ் குடிக்கிறாரு.

கணக்கு போடுறது ஈஸி. எத்தனை மில்லியோ அதை லேபிள்ல போட்டிருக்கிற சதவீதத்தால பெருக்கி 100ஆல வகுத்தா எத்தனை மில்லி சுத்த ஆல்கஹால்னு வரும், அதை 0.789 ஆல பெருக்கினா கிராம் கணக்கு வரும். சாதாரண ஒயின் 12, 13 சதவீதம் இருக்கும், பிராந்தி விஸ்கி பாட்டில்ல 42.8 சதவீதம்னு போட்டிருப்பான். இப்ப வரிசையா பாருங்க:

1. 13 சதவீத ஒயின் 150 மில்லி: சுமார் 15 கிராம் ஆல்கஹால். இது ஒன்றரை ஸ்மால் பிராந்திக்கு, அதாவது 45 மில்லிக்கு சமம்.
2. அதே ஒயின் ஒரு ஃபுல் டம்ளர், 250 மில்லி: சுமார் 26 கிராம். 5 சதவீத பீர் பெரிய பாட்டில் 650 மில்லியிலயும் இதே 26 கிராம்தான்.
3. ஒரு குவாட்டர், 180 மில்லி: சுமார் 61 கிராம்.
4. ஒரு ஃபுல் பாட்டில் ஒயின், 750 மில்லி: சுமார் 77 கிராம். ஒரு குவாட்டரை விட அதிகம்.

நாலாவதை இன்னொரு தடவை படிங்க. ரெண்டு பேர் உக்காந்து ஒரு பாட்டில் ஒயினை முடிச்சா ஆளுக்கு கிட்டத்தட்ட 38 கிராம், அது அரை குவாட்டருக்கு மேல. தினமும் 150 மில்லி மட்டும்தான்னு கரெக்டா அளந்து குடிக்கிறவருக்கும் ஒரு வருஷத்துக்கு ஐந்தரை கிலோவுக்கு மேல சுத்த ஆல்கஹால் உள்ள போகுது, அது 90 குவாட்டருக்கு மேல. "நான் குடிக்கிறவன் இல்ல, ஒயின் மட்டும்"னு சொல்ற ஆளுக்கு இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டினது இல்ல.

உள்ள போனதும் என்ன ஆகுது

ஒயின், பீர், பிராந்தி எதுல இருந்தாலும் ஆல்கஹால் ஒண்ணுதான், எத்தனால். கல்லீரல் அதை அசிட்டால்டிஹைடா மாத்துது, அப்புறம் அதை அசிட்டேட்டா மாத்தி வெளிய தள்ளுது. பிரச்சினை பண்றது நடுவுல வர்ற அந்த அசிட்டால்டிஹைடு. அது செல்லுக்குள்ள இருக்கிற டிஎன்ஏவைக் கெடுக்குது, கெட்டதை செல் சரி பண்ற வேலையையும் தடுக்குது. கல்லீரல்ல மட்டும் இல்ல, வாய்ல இருக்கிற பாக்டீரியா கூட ஆல்கஹாலை அசிட்டால்டிஹைடா மாத்துது, அதனாலதான் வாய், தொண்டை, உணவுக்குழாய் எல்லாம் நேரடியா அடி வாங்குது.

கல்லீரலுக்கு ஒரு வேகம் இருக்கு, மணிக்கு சுமாரா 7ல இருந்து 10 கிராம். 15 கிராம் போனா ஒன்றரை ரெண்டு மணி நேரம் அந்த வேலையிலயே இருக்கும், அந்த நேரத்துல கொழுப்பை எரிக்கிறது பின்னாடி போயிடும். எப்பவாவது ஒரு தடவைன்னா உடம்பு சுதாரிச்சுக்கும், தினமும்னா சுதாரிக்கிறதுக்கு நேரமே கிடைக்காது.

ஹார்ட்டுக்கு நல்லதுங்கிற பேச்சு எங்க ஆரம்பிச்சுது

1991 நவம்பர்ல அமெரிக்க டிவியில ஒரு செய்தி நிகழ்ச்சியில பிரெஞ்சு விஞ்ஞானி செர்ஜ் ரெனோ பேசினாரு. பிரான்ஸ்ல வெண்ணெய், சீஸ்னு கொழுப்பு நிறைய சாப்பிடுறாங்க, ஆனா ஹார்ட் அட்டாக் கம்மியா இருக்கு, காரணம் ரெட் ஒயினா இருக்கலாம்னு விஷயம் போச்சு. அது ஒளிபரப்பானதும் அமெரிக்காவுல ரெட் ஒயின் விற்பனை எகிறிடுச்சு. அடுத்த வருஷம் மருத்துவ இதழ்லயும் கட்டுரை வந்துச்சு, "பிரெஞ்சு முரண்"ங்கிற பேரே நிலைச்சுப் போச்சு.

இது வெறும் டிவி பரபரப்பும் இல்ல. அப்புறம் வந்த பல ஆய்வுல, கொஞ்சமா குடிக்கிறவங்க சுத்தமா குடிக்காதவங்களை விட நீண்ட நாள் வாழுறாங்கன்னு முடிவு வந்துச்சு. டாக்டருங்க அதை நம்பித்தான் சொன்னாங்க, ஏமாத்தணும்னு யாரும் சொல்லல. ஆனா அந்த ஆய்வுகள்ல பெரிய ஓட்டை இருந்துச்சு, அதைப் புரிஞ்சுக்கிட்டா இன்னைக்கு ஏன் பேச்சு மாறிடுச்சுன்னு தெரிஞ்சிடும்.

1. குடிக்காதவங்கன்னு எடுத்த கூட்டத்துல யார் யார் இருந்தாங்க? பிறந்ததுல இருந்து தொடாதவங்களோட, முன்னாடி மொடாக்குடியா குடிச்சு உடம்பு கெட்டு நிறுத்தினவங்களும், ஏற்கனவே நோய் இருந்ததால டாக்டர் வேணாம்னு சொன்னவங்களும் அதே கூட்டத்துல இருந்தாங்க. 1988லயே இங்கிலாந்துல ஷேப்பர்ங்கிற ஆராய்ச்சியாளர் இதைச் சுட்டிக்காட்டிட்டாரு. காசிமேட்டுல தினமும் போட்ல ஏறி கடலுக்குப் போறவங்க திடமா இருக்காங்க, கரையில வீட்டோட இருக்கிறவங்கள்ல நோயாளிங்க நிறைய பேரு, அதனால போட்ல ஏறினா நோய் வராதுன்னு சொன்னா ஒத்துக்குவோமா? திடமா இருக்கிறதாலதான் அவங்க போட்ல ஏறுறாங்க. ஆய்வுல நடந்த தப்பும் இதேதான்.

2. மேல்நாட்டுல சாப்பாட்டோட ஒரு கிளாஸ் ஒயின் குடிக்கிறவங்க பெரும்பாலும் வசதியானவங்க. நல்ல சாப்பாடு, வாக்கிங், இன்சூரன்ஸ், வருஷா வருஷம் செக்கப் எல்லாம் இருக்கும். அதோட பலனையெல்லாம் ஒயின் கணக்குல எழுதிட்டாங்க.

3. ஆல்கஹால் எச்டிஎல்ங்கிற நல்ல கொழுப்பைக் கூட்டும்ங்கிறது உண்மைதான். ஆனா எச்டிஎல் கூடினா ஹார்ட் அட்டாக் குறையும்ங்கிற நம்பிக்கையே ஆட்டம் கண்டுடுச்சு. எச்டிஎல்லைக் கூட்டுறதுக்குன்னே கொண்டு வந்த டார்செட்ராபிப்ங்கிற மருந்து சோதனையை, அதை எடுத்தவங்கள்ல சாவு அதிகமானதால 2006 டிசம்பர்ல பாதியிலயே நிறுத்தினாங்க.

இந்த ஓட்டையை அடைக்க ஒரு வழி மரபணு. சீனாவுல நிறைய பேருக்கு பிறவியிலேயே ஆல்கஹால் ஒத்துக்காத ஜீன் இருக்கு, குடிச்சா முகம் சிவந்து படபடன்னு ஆகிடும், அதனால அவங்க கம்மியாத்தான் குடிப்பாங்க. அந்த ஜீன் வசதி, படிப்பு, வேலை எதையும் பாத்து வர்றது இல்ல. 5 லட்சம் பேருக்கு மேல சேத்து பல வருஷம் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வுல இதை வச்சுப் பாத்தாங்க, முடிவு 2019ல வந்துச்சு. கொஞ்சமா குடிச்சா பக்கவாதம் குறையும்னு முன்னாடி தெரிஞ்ச பலன் ஜீன் வழியா பாத்தப்போ காணாமப் போச்சு, குடி கூடக் கூட பிபியும் பக்கவாதமும் நேரா ஏறிக்கிட்டே போச்சு.

நேரடியா சோதனை பண்ணி முடிவு பண்ணிடலாம்னு அமெரிக்காவுல ஒரு பெரிய ஆய்வையும் ஆரம்பிச்சாங்க. அதுக்குப் பெரும்பகுதி பணம் மதுக் கம்பெனிங்ககிட்ட இருந்து வருதுன்னு வெளிய வந்ததும் 2018ல அரசு மூடிடுச்சு. பல வருஷம் நம்ம தலையில ஏத்தின செய்திக்குப் பின்னாடி யாரோட பணம் எந்த அளவுக்கு நின்னுச்சுன்னு யோசிக்க வைக்கிற விஷயம் இது, எனக்கு இதுல கோபம்தான் வருது.

எதிர்ப் பக்கமும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. 2015ல இஸ்ரேல்ல சுகர் பேஷன்ட் 224 பேரை வச்சு ரெண்டு வருஷம் நடத்தின சோதனையில, ராத்திரி சாப்பாட்டோட 150 மில்லி ரெட் ஒயின் குடிச்சவங்களுக்கு எச்டிஎல் கொஞ்சம் நல்லா வந்துச்சு. 2024 டிசம்பர்ல அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகள் வெளியிட்ட அறிக்கையும், மிதமா குடிக்கிறவங்கள்ல மொத்த இறப்பு விகிதம் கம்மியா தெரியுதுன்னு சொல்லிட்டு, அதோடயே மார்பகப் புற்றுநோய் கூடுதுன்னும் சொல்லிச்சு. அதாவது ஹார்ட் விஷயத்துல விஞ்ஞானிகளுக்குள்ள சண்டை இன்னும் முடியல, கேன்சர் விஷயத்துல அந்த சண்டை கிடையாது. என் பார்வையில ஒரு பக்கம் சந்தேகமான லாபம், இன்னொரு பக்கம் உறுதியான நஷ்டம்னு இருக்கும்போது, குடிக்காத ஒருத்தர் "ஹார்ட்டுக்காக" புதுசா ஆரம்பிக்க எந்தக் காரணமும் இல்ல.

ரெஸ்வெரட்ரால் கணக்கு

கருப்பு திராட்சைத் தோல்ல இருக்கிற இந்தப் பொருளைச் சொல்லித்தான் ரெட் ஒயினுக்கு மட்டும் தனி மரியாதை குடுத்தாங்க. எலிக்கு குடுத்துப் பாத்தாங்க, பலன் தெரிஞ்சுது, ஆனா எலிக்கு குடுத்தது ஒரு கிலோ எடைக்கு 22 மில்லிகிராம் அளவு. ஒரு லிட்டர் ரெட் ஒயின்லயே சில மில்லிகிராம்தான் இருக்கும். 60 கிலோ எடை உள்ள ஒருத்தர் அந்த அளவை ஒயின்லயே எட்டணும்னா ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல குடிக்கணும், அது நடக்கிற காரியமா? இத்தாலியில கியான்டி பகுதியில, ஒயின் வீட்டுத் தண்ணி மாதிரி புழங்குற ஊரு, அங்க 65 வயசுக்கு மேல உள்ள 783 பேரைப் பாத்த ஆய்வுல, உடம்புல ரெஸ்வெரட்ரால் கூட இருந்தவங்க நீண்ட நாள் வாழவும் இல்ல, அவங்களுக்கு ஹார்ட் நோய், கேன்சர் குறையவும் இல்ல, முடிவு 2014ல வந்துச்சு. அந்தச் சத்துதான் வேணும்னா கம்பம் பன்னீர் திராட்சையைத் தோலோட சாப்பிடலாம், பழத்துல ஆல்கஹால் கிடையாது.

கேன்சர்: பயமுறுத்தாம கணக்கா பாப்போம்

சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988லயே மதுவை முதல் வகையில சேத்துடுச்சு. முதல் வகைன்னா மனுஷனுக்கு கேன்சர் வரவைக்கும்னு உறுதியானது, புகையிலையும் அதே வகைதான். வகை ஒண்ணுங்கிறதால ஆபத்தோட அளவும் ஒண்ணுன்னு எடுத்துக்கக் கூடாது, ஆதாரம் உறுதியா இருக்குங்கிறதுதான் அர்த்தம். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம், இந்த ஏழு இடம்.

முதல்ல சொன்ன விவேக் மூர்த்தியோட 2025 அறிக்கையில குடுத்த கணக்கு இது. வாரத்துக்கு ஒரு டிரிங்க் (கிட்டத்தட்ட 150 மில்லி கிளாஸ் ஒயின்) கூட குடிக்காத 100 பெண்கள்ல சுமார் 17 பேருக்கு வாழ்நாள்ல மது சம்பந்தப்பட்ட வகை கேன்சர் ஏதாவது வருது. தினமும் ஒண்ணு குடிச்சா 19 பேரு, தினமும் ரெண்டுன்னா 22 பேரு. ஆம்பளைங்கள்ல 10, 11, 13னு ஏறுது. தினமும் ஒரு கிளாஸ் குடிச்சா எல்லாருக்கும் கேன்சர் வந்துடும்னு யாரும் சொல்லல, 100 பேர்ல ரெண்டு பெண்கள் கூடுதலா மாட்டுறாங்க. ஒரு ஆளுக்கு இது சின்னதா தெரியலாம், நம்ம தெரு அளவுக்கு யோசிச்சா சின்னது இல்ல.

தினமும்ங்கிறதால வர்றது

கேன்சர் தவிர்த்து தினசரிப் பழக்கத்துல மெதுவா வர்றது இன்னும் நிறைய இருக்கு.

1. கல்லீரல். இப்ப டாக்டருங்க வச்சிருக்கிற கோடு, பெண்களுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம், ஆண்களுக்கு 30 கிராம். ஏற்கனவே சுகரோ தொப்பையோ ஃபேட்டி லிவரோ இருந்து இந்தக் கோட்டைத் தாண்டினா ரெண்டும் சேந்து அடிக்கிற நோயா 2023ல இருந்து தனிப்பேரு வச்சே பாக்குறாங்க. ஒரு பெண் ஒரு ஃபுல் டம்ளர் குடிச்சா 26 கிராம், கோட்டைத் தாண்டியாச்சு. 2023ல வந்த ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 14.4 சதவீதம் பேருக்கு சுகர் இருக்கு, அப்போ இது நம்ம வீட்டு விஷயம்தான்.

2. பிபி. தினமும் 12 கிராம் குடிக்கிறவங்களுக்கே மேல் பிபி லேசா ஏறுது, 48 கிராம்னா 5 பாயின்ட் பக்கத்துல ஏறுது. பிபி மாத்திரை போட்டுக்கிட்டே தினமும் குடிக்கிறவங்க மாத்திரையோட வேலையைத் தாங்களே கழிச்சுக்கிறாங்க.

3. இதயத் துடிப்பு. ஒரு லட்சம் பேருக்கு மேல பாத்து 2021ல வந்த ஐரோப்பிய ஆய்வுல, தினமும் ஒரே ஒரு டிரிங்க் குடிக்கிறவங்களுக்கு துடிப்பு தாறுமாறா ஆகுற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் 16 சதவீதம் அதிகம். இது பக்கவாதத்துக்கு வழி விடுற நோய்.

4. தூக்கம். குடிச்சதும் கண்ணு சொருகும், ஆனா ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு முழிப்பு வந்துடும், குறட்டையும் கூடும். தூக்கம் வரலன்னு ஒயின் ஆரம்பிச்சவங்க தூக்கம் கெட்டதாலயே அளவைக் கூட்டுவாங்க.

பெண்களுக்கு உடம்புல தண்ணி அளவு கம்மி, அதனால அதே கிளாஸ் ரத்தத்துல கூடுதலா ஏறும். மாசமா இருக்கும்போது எந்த அளவும் கூடாது, "ஒயின்தானே, குழந்தை கலரா பொறக்கும்"னு குடுக்கிறவங்க வயித்துல இருக்கிற பிள்ளையோட மூளைக்கு ஆபத்து வரவைக்கிறாங்க. இதை எவ்வளவு அழுத்தமா சொன்னாலும் தகும்.

நம்ம பக்கம் தனியா கவனிக்க வேண்டியது

ரத்தம் ஊறும்ங்கிற பேச்சு ரெட் ஒயினோட நிறத்தைப் பாத்து வந்ததா இருக்கும். நடக்கிறது நேர்மாறு. ரெட் ஒயின்ல இருக்கிற துவர்ப்புச் சத்து, டீயில இருக்கிற மாதிரியே, கீரை பருப்புல இருந்து இரும்பு ஏறுறதைத் தடுக்கும், ரத்தம் ஊறத் தேவையான ஃபோலேட் சத்தையும் ஆல்கஹால் குறைக்கும். தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை இருக்குன்னு தேசிய குடும்ப நல ஆய்வு சொல்லுது, அவங்ககிட்ட போய் ரத்தத்துக்கு ஒயின் குடின்னு சொல்றது கொடுமை. இரும்பு மாத்திரை பிஎச்சி‌ல ஃப்ரீயாவே குடுக்கிறாங்க.

மாவா, குட்கா போடுறவங்க விஷயம் இதை விட அவசரம். புகையிலையும் ஆல்கஹாலும் சேர்ந்தா வாய்ப் புற்றுநோய் ஆபத்து ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு கூடுறது இல்ல, பல மடங்கா பெருகும். ஆல்கஹால் வாயோட உள்தோலை இளக்கி, புகையிலையில இருக்கிற விஷம் உள்ள இறங்க வழி பண்ணிக் குடுக்குது. கன்னத்துக்குள்ள மாவாவை அடக்கி வச்சுட்டு ஒயின் மட்டும்தான் குடிக்கிறேன்னு சொல்றவரு வாய்ல வெள்ளைப் படையோ ஆறாத புண்ணோ ரெண்டு வாரம் தாண்டி இருந்தா தள்ளிப் போடாம ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரியில காட்டணும்.

மாத்திரை பக்கமும் பாக்கணும். சுகருக்கு கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போடுறவங்க வெறும் வயித்துல ஒயின் குடிச்சா சுகர் திடீர்னு இறங்கிடும், மயக்கம் போட்டு விழுந்தா சுத்தி இருக்கிறவங்க போதைன்னு நினைச்சு விட்டுடுவாங்க, அது உயிருக்கே ஆபத்து. டிபி மாத்திரையில ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு மூணுமே கல்லீரலைச் சோதிக்கும், அந்த ஆறு மாசமும் ஒயின் உட்பட எதையும் தொடக் கூடாது. தினமும் நிறைய குடிக்கிறவங்க தலைவலிக்கு பாராசிட்டமாலை இஷ்டத்துக்குப் போடுறதும் தப்பு.

வீட்டு ஒயின்

கிறிஸ்மஸ் ஒயின் போடுறவங்க கையைப் பாத்தா தெரியும், பன்னீர் திராட்சையைக் கழுவி ஈரம் போகத் துடைச்சு, பீங்கான் ஜாடியில நசுக்கிப் போட்டு, திராட்சை அளவுக்கே சர்க்கரை, கொஞ்சம் ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, பட்டை கிராம்பு, மேல துணி கட்டி தினமும் மரக்கரண்டியால கிளறி விடுவாங்க, மூணு வாரத்துல வடிகட்டுவாங்க. இதுல ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு ஆல்கஹாலா மாத்துது. ஒரு லிட்டர்ல சுமாரா 17 கிராம் சர்க்கரை முழுசா புளிச்சா 1 சதவீதம் ஆல்கஹால் வரும், அப்படியே ஏறி 12, 14 சதவீதம் பக்கம் போனதும் ஈஸ்ட் தன்னால செத்துடும், மிச்ச சர்க்கரை இனிப்பா நின்னுடும். அதனால வீட்டு ஒயின் ஜூஸ் மாதிரி இனிக்கும், ஆனா கடை ஒயின் அளவுக்கே ஆல்கஹால் இருக்கலாம். லேபிள் இல்லாததால எவ்வளவுன்னும் தெரியாது. பண்டிகையில பிளம் கேக்கோட ஒரு சின்ன கிளாஸ்ங்கிறது ஒரு ரகம், அந்த ஜாடி பொங்கல் தாண்டியும் தினம் ராத்திரி திறக்கப்படுறது வேற ரகம், இந்தக் கட்டுரை ரெண்டாவதைப் பத்தினது. பிள்ளைங்களுக்கு ஸ்பூன்ல குடுக்கிற வழக்கமும் வேணாம். ஜிஞ்சர் ஒயின்னு அதே வீடுகள்ல செய்யறாங்களே, காய்ச்சி எடுத்த இஞ்சி சர்பத், புளிக்க விடாம செஞ்சா அதுல ஆல்கஹால் கிடையாது, பிள்ளைங்களுக்கு அது போதும்.

அப்போ எவ்ளோ குடிக்கலாம்னு ஏன் ஒவ்வொரு நாடும் வேற வேற சொல்லுது

இங்கிலாந்து 2016ல வாரத்துக்கு 14 யூனிட்னு வச்சுது, அதாவது 112 கிராம், 150 மில்லி கிளாஸ் கணக்குல ஏழுக்கு கொஞ்சம் மேல. கனடாவுல 2023ல வந்த வழிகாட்டுதல் வாரத்துக்கு ரெண்டு டிரிங்க்தான் குறைஞ்ச ரிஸ்க்னு சொல்லுது. உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான அளவே இல்லன்னு சொல்லுது. மூணு பேரும் பாக்குற ஆதாரம் பெருசா வேற இல்ல, எந்த அளவு ரிஸ்க்கை ஜனங்க ஏத்துக்கலாம்னு கோடு போடுற இடம்தான் வேற. ரிஸ்க் குடிக்கிற அளவுக்கு ஏத்த மாதிரி கூடுதுங்கிறதுல மூணு பேருக்கும் ஒரே கருத்து. அதனால தினமும் ஒரு டம்ளர் குடிக்கிறவர் வாரத்துக்கு ரெண்டு நாளா குறைச்சாலும் அது உண்மையான லாபம், முழுசா விட்டா இன்னும் லாபம்.

நிறுத்த நினைக்கிறவங்களுக்கு

ஒரு கிளாஸ் ரெண்டு கிளாஸ் குடிக்கிறவங்க அப்படியே நிறுத்திடலாம், சில நாள் தூக்கம் முன்ன பின்ன இருக்கும், அவ்ளோதான். தினமும் ஒரு பாட்டிலோ, ஒயினோட குவாட்டரும் சேத்தோ பல மாசமா குடிக்கிறவங்க மட்டும் வீட்டுல தானா திடுதிப்புன்னு நிறுத்தக் கூடாது. காலையில எழுந்ததும் கை நடுங்குது, குடிச்சாதான் நிக்குதுன்னா உடம்பு ஏற்கனவே அடிமையாகிடுச்சு. அந்த நிலையில திடீர்னு விட்டா ஒண்ணு ரெண்டு நாள்ல வலிப்பு வரலாம், ரெண்டு மூணு நாள்ல ஆள் உளற ஆரம்பிச்சு இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், அது எமர்ஜென்சி, உடனே 108க்கு அடிக்கணும். டாக்டர் மேற்பார்வையில மருந்தோட நிறுத்தினா இதைத் தடுக்கலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துல குடிநோய்க்கு சிகிச்சை குடுக்கிறாங்க, 14446ங்கிற தேசிய போதை மீட்பு இலவச எண்ணுல கூப்பிட்டும் கேக்கலாம். போகும்போது எவ்வளவு ஒயின்னு மேல சொன்ன கிராம் கணக்குல எழுதி எடுத்துட்டுப் போங்க, "கொஞ்சம்தான் டாக்டர்"னு சொன்னா மருந்து அளவை சரியா முடிவு பண்ண அவங்களால முடியாது.